ஸ்கேன் படங்களை இழப்பில்லாமல் சுருக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு ஸ்கேன் சென்டரின் படக் காப்பகத்தைக் கவனித்துக்கொள்வது என் வேலை. நான் மருத்துவன் இல்லை, படம் எடுக்கும் டெக்னீஷியனும் இல்லை. எடுத்த படம் வட்டில் பத்திரமாக இருக்கிறதா, கேட்கும்போது முழுதாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பவன். “சுருக்கி வைத்திருக்கிறோம்” என்று சொன்னதுமே கவுண்டரில் நிற்பவர்களின் முகம் மாறுவதைப் பல முறை கண்டிருக்கிறேன். அவர்கள் கேட்டவை, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கேட்டவை, இறுதியாண்டு புராஜெக்டுக்காக வரும் பொறியியல் மாணவர்கள் கேட்டவை எல்லாம் இங்கே கலந்து கிடக்கின்றன.

முதலில் ஒரு சின்ன ஏற்பாடு. தமிழில் எழுதினால் உடலைப் படம்பிடிப்பதும் சிடி, அந்தப் படத்தைப் பதிந்து கையில் கொடுப்பதும் சிடி. குழப்பம் வராமலிருக்க முன்னதைச் சி.டி. ஸ்கேன் என்றும் பின்னதைக் குறுந்தகடு என்றும் எழுதுகிறேன்.

சுருக்கினால் படத்தில் ஏதாவது மறைந்துபோகாதா?

சுருக்குவதில் இரண்டு வகை உண்டு. பட்டுப்புடவையை மடித்துப் பீரோவில் வைப்பது ஒன்று. பிரித்தால் அதே நீளம், அதே ஜரிகை, ஒரு இழை குறையாது. சுண்டைக்காயை வற்றல் போடுவது இன்னொன்று. இடம் மிச்சமாகிறது, ஆண்டுக்கணக்கில் கெடாது, குழம்புக்கு அருமையாக இருக்கும். ஆனால் எத்தனை நாள் தண்ணீரில் ஊறவைத்தாலும் செடியில் தொங்கிய காய் திரும்பி வராது.

புடவை மடிப்பு இழப்பில்லாச் சுருக்கம். வற்றல் இழப்புள்ள சுருக்கம். கைப்பேசியில் எடுக்கும் புகைப்படமும் யூடியூப் காணொளியும் வற்றல் ஜாதி. சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. படங்களைக் காப்பகத்தில் வைக்கும்போது வழக்கமாகச் செய்வது மடிப்பு. பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டிய இடங்கள் வேறு சில உண்டு, கீழே வருகிறேன்.

உண்மையிலேயே ஒரு புள்ளிகூட மாறாதா? எப்படி நம்புவது?

நம்ப வேண்டாம், சோதிக்கலாம். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் கணினிக்கு ஓர் எண். சுருக்குவதற்கு முன் இருந்த எண்களையும், சுருக்கி விரித்த பின் வந்த எண்களையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் எல்லா இடத்திலும் பூஜ்யம் வர வேண்டும். ஒரே ஓர் இடத்தில் 1 வந்தாலும் அது இழப்பில்லாச் சுருக்கம் ஆகாது. “கண்ணுக்குத் தெரியாத இழப்பு” என்று விற்பனையாளர்கள் சொல்வது வேறு சரக்கு. அது நல்ல வற்றல், அவ்வளவுதான்.

புதியவர்கள் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. பழைய கோப்பையும் விரித்த கோப்பையும் அப்படியே ஒப்பிட்டுப் பார்த்து, “பொருந்தவில்லை, இழப்பு ஏற்பட்டிருக்கிறது” என்று அலறிக்கொண்டு வருவார்கள். கோப்பின் தலைப்பகுதியில் எந்த முறையில் சுருக்கப்பட்டது, எந்த மென்பொருள் எழுதியது போன்ற விவரங்கள் இருக்கும். அவை மாறத்தான் செய்யும். ஒப்பிட வேண்டியது விரித்த புள்ளிகளின் எண்களை மட்டுமே.

ஒரு ஸ்கேன் எவ்வளவு பெரியது? ஹார்டு டிஸ்க் மலிவாகிவிட்டதே, ஏன் சுருக்க வேண்டும்?

சி.டி. ஸ்கேன் என்பது ஒற்றைப் படமில்லை. வாழைக்காயைச் சிப்ஸுக்குச் சீவுவது போல உடலைக் குறுக்காகச் சீவிய படங்களின் கட்டு. ஒவ்வொரு சீவலும் 512-க்கு 512 புள்ளிகள், அதாவது 2,62,144. புள்ளிக்கு 2 பைட் என்றால் ஒரு சீவல் அரை மெகாபைட். நெஞ்சுப் பகுதி 300 மில்லிமீட்டர் உயரம், சீவலின் கனம் 0.625 மில்லிமீட்டர் என்றால் 480 சீவல்கள், 240 மெகாபைட். சாயமருந்து செலுத்தி மறுபடியும் எடுத்தால் அந்தக் கணக்கு இரட்டிப்பாகும்.

1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், சி.டி. ஸ்கேனை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தபோது ஒரு சீவலுக்கு 80-க்கு 80, மொத்தம் 6,400 புள்ளிகள்தான். இன்றைய ஒரு சீவல் அதைப் போல 40 மடங்குக்கு மேல். மார்பகத்துக்கான மேமோகிராம் இன்னும் கனம். சில கருவிகளில் ஒரு படமே 3,328-க்கு 4,096 புள்ளிகள், 26 மெகாபைட். வழக்கமான நான்கு கோணங்களுக்கு 104 மெகாபைட் ஆகிவிடும்.

நாளைக்கு 40 நெஞ்சு ஸ்கேன் எடுக்கும் இடம் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 9.6 கிகாபைட், ஆண்டுக்கு மூன்றரை டெராபைட். ரிச்சி தெருவில் ஒரு வட்டு வாங்கினால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் ஒரு வட்டு எப்போதும் ஒரு வட்டு இல்லை. அதற்கு ஒரு நகல் வேண்டும், தீயோ வெள்ளமோ வந்தால் தப்பிக்க வேறு கட்டடத்தில் இன்னொன்று வேண்டும். அதைவிட முக்கியமானது நேரம். இரவு இரண்டு மணிக்கு பக்கவாத நோயாளியின் படத்தைத் தன் வீட்டிலிருந்து பார்க்கும் மருத்துவருக்கு, நொடிக்கு 50 மெகாபிட் இணைப்பில் 240 மெகாபைட் போய்ச் சேர 38 நொடி ஆகும். மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தால் 13 நொடி.

எதையும் தூக்கி எறியாமல் எப்படிச் சுருங்கும்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு மிகவும் பிடிக்கும். மூன்று தந்திரங்கள் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன. மூன்றும் நம் வீட்டில் ஏற்கெனவே இருப்பவைதான்.

மார்கழியில் கோல நோட்டில் “15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை” என்று எழுதிவைப்பார்கள். நடுவில் 15, அதற்கு மேலும் கீழும் 14, பிறகு 13 என்று 8 வரை குறையும். கூட்டினால் 169 புள்ளிகள். யாரும் 169 புள்ளியையும் நோட்டில் வைத்துக் காட்டுவதில்லை. ஐந்தே சொல்லில் முடிகிறது. படித்தவர் வாசலில் போட்டால் ஒரு புள்ளி பிசகாது. ஸ்கேன் படத்தில் உடலுக்கு வெளியே, கருவி படமெடுக்கும் வட்டத்துக்கு அப்பால் இருக்கும் மூலைகளில் ஒரே எண் வரிசையாக வரும். “இந்த எண், இத்தனை தடவை” என்று எழுதினால் போதும். இது முதல் தந்திரம். உடலுக்குள்ளே போனதும் இது கைகொடுக்காது, ஏனென்றால் அங்கே பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒரே எண்ணாக இருப்பது அபூர்வம்.

அங்கே வருவது தங்க விலை. செய்தியில் “பவுனுக்கு 80 ரூபாய் உயர்வு” என்று சொன்னால், நேற்றைய விலை தெரிந்தவருக்கு அது போதும். புள்ளிகளும் அப்படித்தான். ஈரலின் நடுவில் 1062, 1064, 1063, 1066 என்று எண்கள் வந்தால் 1062 என்று ஒரு முறை எழுதிவிட்டு, பிறகு 2, −1, 3 என்று வித்தியாசத்தை மட்டும் எழுதலாம். நாலு இலக்கம் ஓர் இலக்கமாகிவிடுகிறது.

இதிலும் ஒரு படி மேலே போகலாம். இடப்பக்கப் புள்ளியை மட்டும் பார்க்காமல் மேலே இருப்பதையும், மேலே இடமூலையில் இருப்பதையும் சேர்த்துப் பார்த்து ஊகிக்கலாம். இடப்பக்கம் 1062, மேலே 1066, மூலையில் 1064 என்றால், முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்து 1064 என்று ஊகம். உண்மையில் 1065 இருந்தால் பிழை 1. எலும்பின் ஓரம் வந்தால்? இடப்பக்கம் 1061, மூலையில் 1060, ஆனால் மேலே திடீரென 1900. மேலே எலும்பு தொடங்கிவிட்டதென்றால் அதற்கு நேர் கீழேயும் எலும்பாகவே இருக்கும் என்று ஊகித்து 1900-ஐ எடுத்துக்கொள்ளும். உண்மை 1893 என்றால் பிழை −7. இரண்டே ஒப்பீடுகளில் ஓரத்தை மோப்பம் பிடிக்கும் இந்த விதி ஜேபெக்-எல்எஸ் என்ற இழப்பில்லாச் சுருக்க முறையின் இதயம். எத்தனையோ கனமான கணிதத்தைப் பார்த்தாயிற்று. இந்தச் சின்ன விதியின் மேல் இருக்கும் மரியாதை எனக்குக் குறையவில்லை.

மூன்றாவது தந்திரம் மொழியிலேயே இருக்கிறது. நாம் அடிக்கடி சொல்பவை வா, போ, தா, நீ என்று ஓரெழுத்தில் முடிகின்றன. எப்போதாவது சொல்பவைதான் நீளமாக இருக்கின்றன. ஊகம் நன்றாக இருந்தால் பிழைகளில் பெரும்பாலானவை 0, 1, −1 போன்ற சிறிய எண்களாக இருக்கும். அவற்றுக்குக் குட்டிக் குறி, அரிதாக வரும் பெரிய பிழைக்கு நீண்ட குறி. அமெரிக்காவின் எம்ஐடியில் மாணவராக இருந்த டேவிட் ஹஃப்மன், இறுதித் தேர்வு எழுதுவதற்குப் பதிலாகக் கட்டுரை எழுதலாம் என்று ஆசிரியர் சொன்னதால் இந்தக் குறி கொடுக்கும் முறையைக் கண்டுபிடித்து 1952-இல் வெளியிட்டார். தேர்வுக்குப் பயந்தவர்களால் உலகம் நிறைய நன்மை அடைந்திருக்கிறது.

இவ்வளவு தந்திரம் செய்தும் ஏன் இரண்டு, மூன்று மடங்குதான் சுருங்குகிறது? கைப்பேசிப் படம் பத்து மடங்கு சுருங்குகிறதே?

கைப்பேசி தூக்கி எறிகிறது, அதனால்.

நமக்கு ஏன் அதற்கு மேல் முடியவில்லை என்றால், இரைச்சல். எக்ஸ் கதிர் துகள்கள் மழைத்துளி போலச் சீரில்லாமல் வந்து விழுகின்றன. ஒரே மாதிரியான தசையில்கூட ஒரு புள்ளி கொஞ்சம் கூடுதலாகவும் அடுத்தது கொஞ்சம் குறைவாகவும் வரும். இந்த ஏற்ற இறக்கத்தை எந்தக் கெட்டிக்கார விதியாலும் ஊகிக்க முடியாது. 1948-இல் தகவல் கோட்பாட்டை நிறுவிய கிளாட் ஷானன் போட்ட கணக்கு இதற்கு ஒரு கறாரான எல்லையைக் கட்டிவிட்டது. சீவலில் இரைச்சலின் திட்ட விலக்கம், அதாவது ஏற்ற இறக்கத்தின் வழக்கமான அளவு, 10 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு (சி.டி. ஸ்கேன் புள்ளியின் எண்ணுக்கான அலகு) என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரைச்சலை மட்டும் எழுதவே புள்ளிக்குச் சுமார் 5.4 பிட் வேண்டும். புள்ளிக்கு 16 பிட் எடுத்துக்கொண்ட கோப்பு 5.4-க்கு வந்தால் மூன்று மடங்கு. தோராயக் கணக்குதான், ஆனால் நடைமுறையில் கிடைக்கும் எண்களும் இதன் அக்கம்பக்கத்தில்தான் இருக்கின்றன.

இதிலிருந்து வினோதமான ஒரு விளைவு வருகிறது. 5 மில்லிமீட்டர் கனமான சீவலை 0.625 ஆக்கினால் ஒவ்வொரு சீவலுக்கும் கிடைக்கும் கதிர்கள் எட்டில் ஒரு பங்காகின்றன. இரைச்சல் ஏறக்குறைய 2.8 மடங்கு ஏறுகிறது. புள்ளிக்கு மேலும் ஒன்றரை பிட் செலவு. ஆக, மெல்லிய சீவல்கள் எண்ணிக்கையிலும் அதிகம், ஒவ்வொன்றும் சுருங்குவதும் குறைவு. நோயாளியின் நலனுக்காகக் கதிர் அளவைக் குறைத்தால் காப்பகத்துக்குச் செலவு கூடும். அந்தச் செலவு நியாயமான செலவு.

அப்படியானால் இரைச்சலை வடிகட்டிவிட்டுச் சுருக்கலாமே என்று மாணவர்கள் உடனே கேட்பார்கள். செய்தால் பிரமாதமாகச் சுருங்கும். ஆனால் எது இரைச்சல், எது நுரையீரலில் இப்போதுதான் தலைகாட்டும் மெல்லிய நிழல் என்று முடிவு செய்யும் வேலை காப்பகத்துடையது இல்லை. எனக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

யாராவது சி.டி. ஸ்கேன் படங்களை இழப்பில்லாமல் 20 மடங்கு சுருக்குகிறோம் என்று சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஜேபெக் என்றாலே இழப்புதானே?

ஒரே வீட்டுப் பெயரில் நான்கைந்து பேர் இருக்கும் கூட்டுக்குடும்பம் அது. ஊரறிந்த ஜேபெக் இழப்புள்ளது. 8 பிட் படம், கைப்பேசியிலும் இணையத்திலும் இருப்பது. அதே 1992 தரநிலையில் ‘இழப்பில்லா ஜேபெக்’ என்று ஒரு தனி முறையும் இருந்தது. ஊகிக்க ஏழு விதிகள் கொண்டது. மருத்துவப் படங்களுக்கான பொதுத் தரநிலையான டைகாமில் பெரும்பாலும் பயன்படுவது அதன் மிக எளிய விதி, அதாவது இடப்பக்கப் புள்ளியைப் பார்ப்பது மட்டும். வயதான முறை, ஆனால் ஏறக்குறைய எல்லாப் படக்காட்டி மென்பொருளும் இதைத் திறக்கும்.

ஜேபெக்-எல்எஸ் முறைக்கு அடிப்படை ஹியூலெட்-பேக்கர்டு ஆய்வகத்தில் பிறந்த லோகோ-ஐ என்ற சுருக்க முறை. 2004-இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகளும் இழப்பில்லாமல் படம் அனுப்ப இந்த லோகோவின் ஒரு வடிவத்தைத்தான் பயன்படுத்தின. வேகமானது, எளியது, நன்றாகச் சுருக்கும்.

ஜேபெக் 2000 வேறு வழியில் போகிறது. படத்தை அலைக்கூறுகளாகப் பிரித்து, மங்கலான சிறிய வடிவம் முதலிலும் நுணுக்கங்கள் பின்னாலும் வருமாறு அடுக்குகிறது. இழப்பில்லாமல் செய்ய 5/3 என்ற முழு எண் வடிகட்டி இருக்கிறது. பெரிய படத்தை இணையம் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க இதுதான் வசதி. குறை, மெதுவானது. அந்தக் குறையைத் தீர்க்க 2019-இல் அதன் குறியீட்டுப் பகுதியை மாற்றி எழுதிய அதிவேக வடிவம் வந்தது; இப்போது டைகாமும் அதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது? சுருக்க அளவில் இவற்றுக்கிடையே இருக்கும் வித்தியாசம் சில விழுக்காடுதான். அதற்காகச் சண்டை போடுவது வீண். உள்ளே வைக்க ஜேபெக்-எல்எஸ், வெளியே கொடுக்க இழப்பில்லா ஜேபெக் அல்லது சுருக்காத கோப்பு என்பது என் வழக்கம். குறுந்தகட்டை எந்த ஊரில், எந்தக் கணினியில் திறப்பார்கள் என்று நமக்குத் தெரியாது அல்லவா.

பேசாமல் ஜிப் போட்டுவிடலாமே?

போடலாம், இழப்பு எதுவும் வராது. ஆனால் ஜிப், படத்தை ஒரு நீண்ட வரியாகப் படிக்கும். மேல் வரிசையில் என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது. முன்பு வந்த அதே தொடர் மறுபடி வருகிறதா என்று தேடும். இரைச்சல் கலந்த எண்களில் அப்படி வருவது அரிது. எழுத்துக் கோப்புக்கு அது ராஜா, ஸ்கேன் படத்துக்குச் சுமார். பல கோப்புகளை ஒரே பொதியாக்கி அனுப்புவதற்கு மட்டும் நான் அதைப் பயன்படுத்துவேன்.

பிஎன்ஜி படமாக வைக்கலாமா?

இழப்பில்லாததுதான், 16 பிட்டும் தாங்கும். ஆனால் நோயாளியின் பெயர், எடுத்த தேதி, ஒரு புள்ளிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற விவரமெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும். அளவுகோல் இல்லாத படத்தில் கட்டியை அளக்க முடியாது.

டாக்டர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னார். அனுப்பலாமா?

அவசரத்துக்கு ஒரு பார்வை பார்க்க என்றால் அனுப்புங்கள். அவரும் தெரிந்துதான் கேட்டிருப்பார். ஆனால் அங்கே எவ்வளவு போகிறது என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

ஸ்கேனில் ஒரு புள்ளிக்கு 4,096 அளவுகள் வரை இருக்கும். திரை காட்டுவது 256. ஆகவே மருத்துவர் ஒரு ஜன்னல் வைத்துப் பார்ப்பார். மென்திசு ஜன்னல் என்றால் −160 முதல் 240 வரை இருப்பவை மட்டும் சாம்பல் நிறங்களாகத் தெரியும். (இவை ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில்; முன்பு ஈரலுக்குச் சொன்ன 1062 போன்றவை, இதோடு ஆயிரம் போலக் கூட்டிக் கோப்பில் எழுதியவை.) நுரையீரலின் எண்கள் −850 பக்கம் இருக்கும். அவை மொத்தமும் வெறும் கறுப்பு. நுரையீரல் ஜன்னலுக்கு மாற்றி −1350 முதல் 150 வரை விரித்தால் அதே கறுப்புக்குள்ளிருந்து ரத்தக் குழாய்கள் கிளை விரிக்கும். கோப்பு கையில் இருந்தால் ஜன்னலை நகர்த்தலாம். திரையை ஒரு படமாகச் சேமித்தால் அந்த நொடியின் ஜன்னல் மட்டும்தான் மிச்சம். அதை வாட்ஸ்அப் மறுபடியும் நசுக்கும். பிலிமை ட்யூப்லைட்டில் பிடித்து எடுத்த புகைப்படமாக இருந்தால் ஜன்னல் கம்பியின் நிழலும் மின்விசிறியும் சேர்ந்து வரும். போதாக்குறைக்கு, 480 சீவலில் அனுப்பியது ஒன்றே ஒன்று.

அதே செயலியில் ‘ஆவணம்’ என்று கோப்பை இணைத்தால் பைட் மாறாமல் போய்ச் சேரும். நோயாளியின் பெயரும் வயதும் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கின்றன என்பதை மறந்து, இருபது பேர் இருக்கும் உறவினர் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

அப்படியானால் உண்மையான இழப்பு எங்கேதான் நடக்கிறது?

என் வீட்டிலேயே நடந்த கதையைச் சொல்கிறேன். பெரம்பூரில் இருக்கும் என் பெரியப்பாவுக்குத் தீராத இருமல். நெஞ்சு ஸ்கேனில் நுரையீரலில் 5 மில்லிமீட்டர் அளவில் ஒரு புள்ளி தெரிந்தது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “பழைய ஸ்கேன் இருக்கிறதா?” இரண்டு ஆண்டுக்கு முன் வேறோர் இடத்தில் எடுத்திருந்தோம். அன்றும் அந்தப் புள்ளி அதே அளவில் இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். பெரியம்மா பீரோவிலிருந்து குறுந்தகட்டை எடுத்து வந்தார். உள்ளே பன்னிரண்டு ஜேபெக் படங்கள். எடுத்த இடத்தில் போய்க் கேட்டால், 5 மில்லிமீட்டர் சீவல்களை மட்டும் வைத்திருக்கிறோம், மெல்லியவை தானாகவே நீங்கிவிடும் என்றார்கள். அந்தக் கனத்தில் அவ்வளவு சிறிய புள்ளி இருந்ததா இல்லையா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூன்று மாதம் காத்திருந்து மறுபடியும் எடுத்தோம். வளரவில்லை. ஆனால் அந்த மூன்று மாதம் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அங்கே எந்தச் சுருக்க முறையும் எதையும் திருடவில்லை. இடத்தை மிச்சப்படுத்த மெல்லிய சீவல்களை நீக்கினார்கள், எளிதாகத் திறக்கட்டும் என்று ஜேபெக் ஆக்கினார்கள். நீக்காமல் இழப்பின்றி மடித்து வைத்திருந்தாலே பெரிய அளவு இடம் மிச்சமாகியிருக்கும்.

பிலிம் கொடுத்துவிட்டார்களே, அது போதாதா?

சென்னைக்குப் பிலிம் மேல் பழைய பாசம். பொது மருத்துவமனை வளாகத்தில் பர்னார்டு கதிரியக்க நிறுவனம் 1934-இலேயே தொடங்கிய ஊர் இது. எலும்பு முறிவுக்கு எடுத்த எக்ஸ்ரேக்குப் பிலிம் தாராளம். சி.டி. ஸ்கேனுக்கு அது ஜன்னல் பூட்டிய சில சீவல்கள்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கட்டிலுக்கடியில் வைத்த பிலிம் உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனதைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

குறுந்தகட்டிலுள்ள கோப்புகள் என் கணினியில் திறக்கவில்லை. கெட்டுப்போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. டைகாம் கோப்புக்குப் பெயரின் பின்னொட்டு இல்லாமலும் இருக்கலாம்; சாதாரணப் படக்காட்டிக்கு அது என்னவென்றே புரியாது. கோப்பின் முதல் 128 பைட்டுகளைத் தாண்டியதும் டி, ஐ, சி, எம் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தால் சரக்கு சரியான சரக்கு. வீசிஸ், மைக்ரோடைகாம் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றிலும் பெயர் தெரிந்து படம் மட்டும் வராவிட்டால், சுருக்கிய முறை அந்த மென்பொருளுக்குப் புதியதாக இருக்கலாம். சுருக்காத வடிவில் மாற்றித் தரும்படி எடுத்த இடத்திலேயே கேளுங்கள். எங்களுக்கு அது இரண்டு நிமிட வேலை.

இழப்புள்ள சுருக்கம் எப்போதுமே தவறா?

இல்லை. அல்ட்ராசவுண்ட், ஆஞ்சியோகிராம் போன்றவற்றின் காணொளிகளுக்கு அது பரவலாகப் பயன்படுகிறது. பாடம் எடுக்கவும் ஒரு பார்வை பார்க்கவும் போதுமானது. டைகாமில் இதற்கு ஒரு நேர்மையான ஏற்பாடு உண்டு. ஒரு படம் ஒரு முறை இழப்புடன் சுருக்கப்பட்டால் அதற்கான இடத்தில் 01 என்று குறி விழும். பிறகு விரித்தாலும் அந்தக் குறி அழியக்கூடாது. கண்டம் பட்ட பாத்திரத்தைப் புதிது என்று விற்க முடியாது. மேமோகிராமில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சுண்ணாம்புத் துகள் போன்ற நுண்புள்ளிகளைத் தேடும் படத்தில் நுணுக்கத்தை வெட்டும் முறைக்கு என்ன வேலை?

கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டுச் சுருக்கலாமா?

தலைகீழ். பூட்டிய கோப்பு முழுவதும் இரைச்சல் போல இருக்கும், சுருங்காது. முதலில் சுருக்குங்கள், பிறகு பூட்டுங்கள்.

இறுதியாண்டு புராஜெக்டாக இதை எடுத்திருக்கிறோம். ஏதாவது சொல்லுங்கள்.

கிண்டிப் பொறியியல் கல்லூரியிலிருந்தும் வெளியிலிருந்தும் வரும் பிள்ளைகளிடம் நான் பார்க்கும் முதல் தவறு, இணையத்தில் கிடைத்த ஜேபெக் ஸ்கேன் படத்தை எடுத்து அதை ‘இழப்பில்லாமல்’ சுருக்கிக் காட்டுவது. அது வற்றலை மறுபடியும் வெயிலில் வைப்பது. பெயர் நீக்கிப் பொதுவில் வெளியிடப்பட்ட 16 பிட் டைகாம் தொகுப்புகளை எடுங்கள். இரண்டாவது, இழப்பில்லா முறைக்கு, படம் எவ்வளவு மாறியது என்று காட்டும் உச்ச சமிக்ஞை-இரைச்சல் விகிதத்தை (பிஎஸ்என்ஆர்) அட்டவணை போடுவது. பிழை பூஜ்யம் என்றால் அந்த விகிதம் முடிவிலி, 48.2 என்று உங்களுக்கு வந்தால் எங்கோ இழந்திருக்கிறீர்கள். புள்ளிக்கு எத்தனை பிட் என்று எழுதுங்கள், ஜேபெக்-எல்எஸ் முறையோடு ஒப்பிடுங்கள், நேரத்தையும் அளங்கள். எதிர்மறை எண்களையும் மறக்காதீர்கள். வட்டத்துக்கு வெளியே −2000 போன்ற நிரப்பு எண் சில கருவிகளில் வரும்; அதைக் கவனிக்காத நிரல் ஓரத்தில் தடுக்கி விழும்.

முந்தைய சீவலைப் பார்த்து அடுத்த சீவலை ஊகித்தால் அள்ளிக்கொண்டு போகலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உடலமைப்பு ஒத்துப்போகும், இரைச்சல் ஒத்துப்போகாது. எதிர்பார்த்ததைவிட லாபம் குறைவாகவே வரும், செய்து பாருங்கள். நரம்பு வலையமைப்பை வைத்து ஊகிப்பதும் நன்றாகவே நடக்கிறது. ஆனால் தசம எண் கணக்கு ஒரு கணினியில் வருவதுபோல் இன்னொன்றில் கடைசி இலக்கம் வரை அப்படியே வரும் என்ற உறுதி இல்லை. சுருக்கிய கணினியும் விரிக்கும் கணினியும் ஓர் இடத்தில் வேறாக ஊகித்தால் அதன் பிறகு வரும் படம் முழுவதும் குப்பை. பத்தாண்டு கழித்து வேறு கருவியில் திறக்க வேண்டிய காப்பகத்துக்கு அது சிறிய கவலை இல்லை.

பழைய படங்களைக் கேட்டால் கொடுத்தாக வேண்டுமா?

மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை நெறி விதிகளின்படி, உள்நோயாளிகளின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மூன்று ஆண்டு என்பது என் பெரியப்பா கதைக்கு அப்பால் அதிக தூரம் போகாது. எனவே உங்கள் பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

கவுண்டரில் என்ன சொல்லிக் கேட்பது?

“டைகாம் கோப்புகளாகத் தாருங்கள், மெல்லிய சீவல்களும் சேர்த்து, இழப்புள்ள ஜேபெக் வேண்டாம்.” இதைச் சொன்னால் உள்ளே இருப்பவர் ஒரு கணம் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார், பிறகு என்னைப் போன்ற ஒருவரைக் கூப்பிடுவார். புதிய பென் டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். வாங்கியதும் அங்கேயே ஒரு கணினியில் சொருகி, எத்தனை படங்கள் இருக்கின்றன என்று எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். பன்னிரண்டு என்று வந்தால் ஆட்டோ பிடிக்காதீர்கள்.